பதினாலாவது மாடிச் சிவப்பு விளக்கு

செத்துப்போன எலக்ட்ரீஷியன் தினமும் சாயங்காலம் வந்து லைட்டு போடுகிறானாம். புகார் மனுவைப் படித்த சர்வேயர் ராஜசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. படித்த ஜனங்கள் எழுதுகிற மனுவா இது?

பாரிவாக்கத்தில் பாதியில் நின்றுபோன பதினாலு மாடிக் கட்டடம் அது. விமானம் இறங்கப் புது வழி போட்டிருந்தார்கள். நாளை முதல் அந்தக் கட்டடத்துக்கு மேலாகத்தான் வரும். வழியில் உயரமாக நிற்பதையெல்லாம் அளந்து, உச்சியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து எழுதுவது ராஜசேகரன் வேலை.

அங்கே போய் இறங்கியதும் மனு எழுதிய எதிர் அபார்ட்மென்ட்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கட்டடத்துக்குக் கரண்டைப் பிடுங்கியே ஒரு வருஷமாச்சு, விளக்கு மட்டும் எப்படி எரியும் என்றார்கள். சோலார் விளக்கு என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டதில்லையா என்று ராஜசேகரன் நக்கலடித்தார். பேயாம் பிசாசாம், வேலையத்த வேலை.

கட்டடத்து கேட்டில் காவலுக்கு இருந்தவள் கலைவாணி. செத்துப்போன எலக்ட்ரீஷியன் எத்திராஜின் மனைவி.

"மேல போவாத சார். எங்கூட்டுக்காரு அந்த லைட்டை மாட்டப் போய்தான் உழுந்தாரு."

"மாட்டிட்டுத்தானே விழுந்தாரு?"

ஏதாவதென்றால் கூப்பிடு என்று அவளிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு அவர் ஏறினார்.

லிஃப்ட் கிடையாது. பத்தாவது மாடிக்கு மேல் கைப்பிடியும் கிடையாது. மூச்சு வாங்க மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறரை.

விளக்கு இல்லை.

இரும்புக் கம்பம் நின்றது. நுனித் தகட்டில் விளக்கை மாட்ட நாலு ஓட்டை இருந்தது. அதில் ஒரு ஸ்க்ரூகூட ஏறியதில்லை. ஒயரும் இல்லை, சோலாரும் இல்லை.

போன் அடித்தது. கலைவாணிதான்.

"சார், லைட்டு எரியுது. நீ அதும் பக்கத்துலதான் நிக்கிற. உன் சட்டையெல்லாம் செவப்பா தெரியுது."

ராஜசேகரன் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கீழே வந்ததும் மணல்மேட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். மேலே விளக்கே இல்லை என்பதை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டார்.

கலைவாணி அழவில்லை. கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு பிளேனை வர வாணாம்னு சொல்லிடு சார். அவரு எத்தினி நாளிக்குதான் லைட்டைப் புடிச்சுக்கினு நிப்பாரு?"

ராஜசேகரன் ஆபீஸ் நம்பரைத் தேடி எடுத்தார். அழுத்துவதற்கு முன், இது எப்போதிலிருந்து எரிகிறது என்று கேட்டார்.

"ஆடிப் பதினெட்டு அன்னிக்கு சாயங்காலம்தான் சார் மொத மொதல்ல எரிஞ்சுது."

அன்று மத்தியானம்தான், எதிரில் இருக்கும் ஜூஸ் கடையில் உட்கார்ந்தபடி, ஒரு படிகூட ஏறாமல், 'விளக்கு பொருத்தப்பட்டுள்ளது, எரிகிறது' என்று எழுதி ராஜசேகரன் கையெழுத்துப் போட்டிருந்தார்.