சிக்கந்தர் பாயின் ஜப்பான் கார்

"பாய், நெசத்தைச் சொல்லுங்க. இது யாரு காருங்க?"

"எம்படதுதானுங்க."

பிரேக் இன்ஸ்பெக்டர் திருமலைசாமி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

எதிரே கக்கத்தில் கட்டையை ஊன்றி நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் சிக்கந்தர். சாயம் போன கைலி, காலர் நைந்த சட்டை. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் வெள்ளை வெளேரென்று நின்றது ஜப்பான் கார். அதன் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. காற்றில் உட்கார்ந்திருந்தார் மில் முதலாளி நரசிம்மலு.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸுக்கு வரிசையில் நின்றவர்கள் காரையும் கைலியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தொண்ணூற்றாறில் இந்தத் தந்திரம் கோயமுத்தூரில் நாலைந்து பேருக்குத் தெரிந்திருந்தது. கால் விளங்காத ஒருவர், கையாலேயே ஓட்டும்படி மாற்றிய காரைத் தன் சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் பெரிய சலுகை. இங்கே பதிவு செய்யும்போது சாலை வரியும் இல்லை. டாக்டர் சர்ட்டிபிகேட் ஒன்று போதும். பணம் ஒருவருடையது, கால் இன்னொருவருடையது.

இன்ஸ்பெக்டர் காரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கையால் பிரேக் பிடிக்க ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருந்த கம்பியில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அந்தக் கம்பி எதற்கென்று கேட்டார். கதவைத் திறக்கறதுக்குங்களா என்று சிக்கந்தர் திருப்பிக் கேட்டார்.

மறுபடியும் சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரச் சொன்னார். சிக்கந்தர் உட்காரவில்லை. இப்படி ஊனத்தை வாடகைக்கு விடுகிறவர்களால், நிஜமாகவே வண்டி தேவைப்பட்டு வருகிறவனைக்கூட நம்ப முடிவதில்லை என்று இன்ஸ்பெக்டர் கசப்பாகச் சொன்னார். பதினெட்டு வருட சர்வீஸில், பொய் என்று தெரிந்து ஒரு ஃபைலில்கூட அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காகவே ஊர் ஊராக மாற்றல் வாங்கியவர். கார் தன்னுடையதில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சிக்கந்தர்மேல் எந்தக் கேஸும் வராமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

சிக்கந்தர் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

"மொதலாளி என்ன தர்றேன்னாரு?"

வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொன்னாராம். சிக்கந்தர்தான் வேண்டாம் என்றுவிட்டாராம்.

"அப்பறம் எதுக்குங்க பாய் உங்களுக்கு இந்தக் கேவலம்?"

சிக்கந்தர் மேசைமேல் இருந்த ஃபைலைக் காட்டினார். அதிலுள்ள டாக்டர் சர்ட்டிபிகேட்டில் ஒரு நகல் வேண்டும், ஆபீஸ் முத்திரையோடு வேண்டும் என்றார். முதலாளியிடம் கேட்டதற்கு, அதெல்லாம் ஆபீஸ் காகிதம், வெளியே தரக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார். இடது காலில் எழுபது சதவீதம் நிரந்தர ஊனம் என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து.

"இதை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"எம் மககிட்டக் காட்டோணுங்க."

அப்புறம்தான் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் நரசிம்மலுவின் மில்லில், உயரத்தில் இருந்த மிஷினுக்கு கிரீஸ் வைக்கும்போது ஏணி வழுக்கி விழுந்தார். ரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை. இடது காலில் மட்டும் உணர்ச்சி போய்விட்டது. மில்லில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். காலில் ஒரு கோளாறும் இல்லை, வேலைக்கு வர மனமில்லாமல் நடிக்கிறார் என்று அவர் எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டியே மில்லை விட்டு நிறுத்தினார்கள்.

"அந்த இங்கிலீஸ் காயிதம் ஊட்டுக்கு வந்துதுங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. பத்தாவது படிச்சிட்டிருந்த எம் மக ரூபினாதான் படிச்சுச் சொல்லுச்சு."

அந்த மாதமே ரூபினா படிப்பை விட்டாள். வேறொரு மில்லுக்கு நூல் கோன் சுற்றப் போகிறாள். சோறு போடுகிறாள், மருந்து வாங்கிவருகிறாள். ஆனால் அப்பனை அத்தா என்று கூப்பிட்டு மூன்று வருடமாகிறது.

"அன்னைக்கு நடிக்கறேன்னு எழுதுனதும், இன்னைக்கு ஊனம்னு எழுதுனதும் ஒரே டாக்டருதானுங்க சார்."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. முதலாளி, டாக்டர் இரண்டு பேரையும் இன்றைக்கே மாட்டிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். சிக்கந்தர் எட்டி அவர் கையைப் பிடித்தார். கட்டை சரிந்து தரையில் விழுந்தது.

"வேண்டாமுங்க. காரு பொய்யிதானுங்க, காயிதம் நெசமுங்க. நீங்க காரைப் பொய்யின்னு எழுதிப்போட்டீங்கன்னா காயிதமும் பொய்யாயிருமுங்க. அப்பறம் அந்தப் புள்ள எதைத்தானுங்க நம்பும்?"

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சர்ட்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லி அனுப்பினார். நகலில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, மடித்து, சிக்கந்தரின் சட்டைப் பையில் அவரே வைத்தார். பிறகு காரின் ஃபைலை இழுத்து, அதிலும் கையெழுத்துப் போட்டார். குனிந்து கட்டையை எடுத்துக் கொடுத்தபோது அவர் சிக்கந்தரின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. நரசிம்மலு கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கிப் பதிவுக் காகிதங்களை வாங்கிக்கொண்டார். இந்த இன்ஸ்பெக்டர் முரடு என்று கேள்விப்பட்டிருந்தாராம், பரவாயில்லையே என்று டிரைவரிடம் சொல்லிச் சிரித்தார்.

சிக்கந்தர் மெதுவாகக் காரைச் சுற்றிப் போய்ப் பின்கதவில் கை வைத்தார்.

நரசிம்மலு திரும்பிப் பார்த்தார்.

"உக்கடம் பஸ்ஸு பக்கத்துலயே நிக்குமப்பா சிக்கந்தரு. நடந்து போயிருவீல்ல?"