பத்து வோல்ட்டுக்குக் கீழே

குறைமாதக் குழந்தையின் சூட்டுப்பெட்டியை அணைத்துவிட்டதாக நர்ஸ் ஜெசிந்தாவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். "தானா நின்னுச்சுக்கா. நான் கையே வைக்கல" என்று அவள் வான்மதியிடம் வந்து அழுதாள்.

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வான்மதி, அந்தக் காலிப் பெட்டியில், மின்னழுத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டினாள். பெட்டிக்குள் இருக்கும் பன்னிரண்டு வோல்ட் மின்னழுத்தம் பத்துக்குக் கீழே சரிந்தால், அந்தக் கணத்தைத் திரை பிடித்து நிறுத்த வேண்டும். திரையை நிறுத்தும் அந்த ட்ரிகர் அளவைக் கூட்டினால் சின்ன அதிர்வுக்கெல்லாம் நின்றுவிடும். குறைத்தால் சரிவே தப்பிப் போகலாம். குமிழை இரண்டு முறை திருத்தினாள். மூன்று மணி நேரம் கோடு நேராகவே ஓடியது.

சட்டென்று திரை நின்றது. கோட்டில் ஒரு பள்ளம். பெட்டி அணைந்திருந்தது.

"நான் சொன்னேன்ல!" பக்கத்தில் நின்ற ஜெசிந்தா கத்தினாள்.

படத்தைச் சேமித்த வான்மதி அவள் பக்கம் திரும்பினாள். "இதே மாடல் பெட்டி வார்டுல இன்னும் எத்தனை இருக்கு?"

"ஆறு" என்ற ஜெசிந்தா, சொல்லும்போதே ஓடத் தொடங்கியிருந்தாள்.