வாலு வீட்டு வைஃபை

“இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்க்கா!” என்றான் டிரைவர்.

“நின்னாலும் பரவாயில்ல தம்பி. ஒரு வீடுகூட விட்டுப்போகக் கூடாது” என்றாள் பின்சீட்டில் இருந்தவள்.

நகரத்தில் எந்தெந்த வீட்டில் வைஃபை இருக்கிறது என்று வரைபடம் போடும் வேலை. வண்டி ஊர்ந்தால் போதும், அவள் மடியிலிருக்கும் டேப்லெட் ஒவ்வொரு வீட்டு வைஃபையின் பெயரையும் தானே பிடித்துக் குறித்துக்கொள்ளும். காற்றில் பெயர் பொறுக்க ஒரு சம்பளம்!

“ ‘ஓசிக்கு அலையாதே’ன்னு ஒருத்தன் பேர் வெச்சிருக்கான் பாருங்க” என்று டிரைவர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மூன்று மாதத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

“யாரையோ தேடுறீங்கக்கா. நானும் கவனிச்சுட்டுதான் வரேன்.”

“என் பொண்ணைத்தான்” என்று பட்டென்று சொல்லிவிட்டாள். “பிடிச்சவனோட போய் ரெண்டு வருஷமாச்சு. இந்த ஊர்லதான் எங்கயோ இருக்கா. எங்க வீட்டு வைஃபைக்கு ‘வாலு வீடு’ன்னு பேர் வெச்சதே அவதான். எங்க குடிபோனாலும் அதையேதான் வெப்பா. பிடிவாதக்காரி.”

டிரைவருக்கு மனசு இளகிவிட்டது. அதன்பிறகு வண்டி ஆமையாய் நகர்ந்தது.

நாலாவது சந்தில் திரையில் அந்தப் பெயர் வந்தது. வாலு வீடு.

எதிர் மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. ரொம்பவே இளைத்திருந்தாள். அவள் மகளேதான்.

“பேரப்பிள்ளை வேற! இறங்குங்கக்கா!”

அவள் இறங்கவில்லை. அந்தப் பெயரை டேப்லெட்டிலிருந்து அழித்தாள்.

“தம்பி, நீ போய் வைஃபைக்கு உடனே வேற பேர் வைக்கச் சொல்லிட்டு வா. சரிபார்க்க நாளைக்கு வேற வண்டி இந்தப் பக்கம் வரும். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதே.”

“என்னக்கா இது? இத்தனை நாள் தேடி அலைஞ்சுட்டு...”

“கெஞ்சிக் கேக்குறேன், போ தம்பி.”

அவன் ஒன்றும் புரியாமல் படியேறினான். அவளுடைய செல்போன் அடித்தது. இந்த வரைபட வேலைக்கெல்லாம் தலைவரான அதிகாரி.

“என்ன, சிக்கினாளா? வீடு மட்டும் தெரியட்டும். ரெண்டு பேர் கதையையும் முடிக்க ஆள் தயாரா நிக்குது.”

மாடியில் குழந்தை வீறிட்டது. சட்டென்று கார்க் கண்ணாடியை ஏற்றினாள்.

“இல்லீங்க” என்றாள். “நம்ம பொண்ணு இந்தத் தெருவுலயும் இல்ல.”