கடைசிப் பிடி மண்

"செத்த நேரம் நின்னுட்டுக் கிளம்பிருவோம், அண்ணாச்சி," என்றார் கட்சிச் செயலாளர் சுயம்புலிங்கம். "உங்க பூர்வீகம் எதுன்னு கேட்டு எதிர்க்கட்சிக்காரன் ராஜபாளையம் முழுக்க போஸ்டர் ஒட்டியிருக்கான். சாயங்காலக் கூட்டத்துல பதில் சொல்லணும்."

வேட்பாளர் ரத்தினம் தலையாட்டினார்.

செட்டியார்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில், மில் தொழிலாளி அன்னத்தாயின் பெட்டியைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். முதலில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். பிறகு தெருக்காரர்கள். கடைசியாக ரத்தினம் மண்ணை அள்ளினார். போட்டதும் வாய்விட்டு அழுதுவிட்டார்.

"ஓட்டுக்காக என்னமா நடிக்கான் பாரு," என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

அன்னத்தாயின் தம்பி மைக்கேல் அவரைத் தாங்கிப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"அழாதய்யா மருமகனே. உன்னைப் பெத்து, பெரிய வீட்டுல கொடுத்துட்டு வந்ததை அக்கா யாருகிட்டயும் மூச்சு விடல. போஸ்டரைப் பாத்த அன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? 'நான் செத்தா அவன் சொந்தக்காரங்களோட வந்து நின்னுறக் கூடாதுடா மைக்கேலு, ஊர்க்காரனா வந்துட்டுப் போகட்டும்'னா."

ஜீப்பில் ஏறும்போது சுயம்புலிங்கம் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

"பிரமாதமா அழுதீங்க, அண்ணாச்சி. இந்தத் தெரு ஓட்டு அம்புட்டும் நமக்குத்தான். கையைக் கழுவிக்கிடுங்க. உங்க அம்மா தேவதானத்துல தெலுங்கு பேசுத பெரிய வீட்டுப் பொண்ணுன்னு மேடையில மறக்காமச் சொல்லிருங்க."

ரத்தினம் கையை நீட்டினார். விரலிடுக்கிலிருந்து மண் கரைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுதேன்," என்றார்.