இறங்கும்போது அழும் குழந்தை

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு இப்போது புதிய அதிவேக விமானத்தில் இருபதே நிமிடம். செண்பகவல்லி கைக்குழந்தையோடு தினமும் அங்கே வேலைக்குப் போய்வருகிறாள். ஏறும்போது பால் குடித்துத் தூங்கும் குழந்தை, இறங்கும்போது ஏன் வீறிட்டு அழுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

“இவ அழுதாத்தான் சிங்கப்பூர் வந்துடுச்சுன்னே தெரியுது,” என்று சிரித்தாள் பக்கத்து இருக்கை ரெஜினா.

“சிரிக்காதீங்கக்கா. மத்தவங்க புகார் பண்றாங்களாம், நாளைக்கும் அழுதா மாசப் பாஸை ரத்து பண்ணிடுவாங்களாம். அப்புறம் வேலைய விடவேண்டியதுதான்.”

“எனக்கே காது அடைக்குது, எச்சில் முழுங்கிச் சமாளிக்கிறேன். தூங்குற புள்ள எப்படி முழுங்கும்?”

முன்பு நான்கு மணி நேரப் பயணத்தில் இறங்குவதற்குள் குழந்தைகளுக்கு மறுபடி பசித்துவிடும்; பால் குடித்துக்கொண்டே இறங்கும். இருபது நிமிடத்தில் பசிக்காது.

மறுநாள் ஏறும்போது ஒரு பக்கம் மட்டும் பால் கொடுத்தாள். முனகிய குழந்தையை நடுவில் தோளில் போட்டுத் தட்டினாள். விமானம் இறங்கத் தொடங்கியதும் மறுபக்கம் கொடுத்தாள். குழந்தை பாலை விழுங்கிக்கொண்டே, அழாமல் தரையிறங்கியது.