இடது கையில் ஒரு டம்ளர்

அழைப்புமணி எந்த நொடியும் அடிக்கலாம். புது மேனேஜரை வீட்டு விருந்துக்கு அழைத்துவிட்ட கணவன், சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். மேடைமேல் தட்டுத் தட்டாக, பல்குச்சியில் கோத்த திராட்சையும் சீஸும், பொன்னிறமாய்ப் பொரிந்த உருளைக்கிழங்கு உருண்டைகளும் விளக்கொளியில் மினுங்குகின்றன. மனைவியோ இடது கையில் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி, வலது கையால் ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறாள். "வர்றவங்களுக்கு ஒரு கையில கிளாஸ் இருக்கும்ங்க. மிச்சம் ஒரு கைதான். எதுவா இருந்தாலும் ஒரே வாயில போயிடணும்." காளான் பரப்பிய ரொட்டி ஒன்றைக் கடிக்கிறாள். பாதி வாய்க்குள், பாதி தரையில். அவன் வாசற்கதவைத் திரும்பிப் பார்க்கிறான். "இப்பப் போய் என்ன பண்ணுவே?" அவள் டம்ளரை வைத்துவிட்டுக் கத்தியை எடுக்கிறாள். கத்தி சரசரவென்று ஓட, தட்டிலிருந்த ரொட்டியெல்லாம் சின்னஞ்சிறு சதுரங்களாகின்றன, ஒன்றுகூடக் கோணவில்லை. மணி அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ஒரே சிரிப்பு. அந்தப் பெண் மேனேஜர், ஒரு கையில் கோப்பையுடன் ஏதோ கதை சொல்லிக்கொண்டே, தட்டைத் திரும்பியும் பார்க்காமல் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வாயில் போடுகிறார். கதையும் நிற்கவில்லை, பொடியும் சிந்தவில்லை. கணவன் பெருமை தாங்காமல் சமையலறைப் பக்கம் திரும்புகிறான். அங்கே அவள், அதுவரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் மேடையில் வைத்திருந்த டம்ளரை எடுத்து, மடக் மடக்கென்று அத்தனை தண்ணீரையும் குடிக்கிறாள்.