பட்டனுக்கு மட்டும் பச்சை

"மத்தது எதுவும் வேண்டாம். பட்டனை மட்டும் உள்ள விட்டாப் போதும்" என்று அப்பா கெல்வின் சொன்னபோது, ஜனெலுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தீவனச் சோளம். மழையில்லாமல் இரண்டு மாதம் வாடிச் சுருண்டு கிடந்தது, போன வாரம் அடித்த ஒரே ஒரு இடிமழைக்குக் குப்பென்று துளிர்த்துவிட்டது. ரோமா ஊரைத் தாண்டியதிலிருந்து காரில் வந்த வழியெல்லாம் அவள் கண்ணில் பட்ட ஒரே பச்சை அதுதான்.

இந்தப் பக்கம் எண்பது மாடுகள். பட்டனைத் தவிர எல்லாமே நிறைசினை, எல்லாவற்றுக்கும் விலா எலும்பு தெரிந்தது. மீதமிருந்த காய்ந்த புல்லைக் காலையில்தான் கெல்வின் பிரித்துப் போட்டிருந்தார்.

"இதோட தீந்துச்சு. எந்தப் புல் லாரிக்காரனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல" என்றார். "இந்தச் சோளம் கைகொடுத்தா மந்தை பொழைக்கும். இல்லேன்னா எனக்கு வேற வழி தெரியல."

அந்தப் புல்லில் பட்டனுக்கு மட்டும் அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை. விருந்துக்குப் போகிறவளுக்கு எதற்குப் பழையது என்று ஜனெல் நினைத்துக்கொண்டாள்.

பட்டன் அம்மாவின் மாடு. தாயைப் பறிகொடுத்த கன்றைச் சமையலறையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அம்மா மேவிஸ். நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை, அதனால் அந்தப் பெயர்.

மூன்று வருடமாக அது சினை பிடிக்கவில்லை. "தண்டச்சோறு" என்று கெல்வின் முணுமுணுக்காத நாளில்லை. பட்டனை அடிமாட்டு லாரியில் ஏற்றமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மார்ச் மாதத்தில் மேவிஸ் கண்ணை மூடினாள்.

அப்பாவின் சத்தியத்தில் ஜனெலுக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. பிரிஸ்பேனிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்வாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாளோ இல்லையோ, பட்டன் இருக்கிறதா என்று கேட்டுவிடுவாள்.

கெல்வின் வேலிக் கதவை ஒரு மாடு நுழையும் அளவுக்குத் திறந்து பிடித்துக்கொண்டு விசிலடித்துப் பார்த்தார். தொடையில் தட்டிப் பார்த்தார். பட்டன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர் பேச்சை அது என்றைக்குக் கேட்டிருக்கிறது?

"தள்ளுங்கப்பா, உங்களுக்குக் கூப்பிடவே தெரியல."

அம்மாவின் தகர வாளி இன்னும் கம்பத்தில்தான் மாட்டியிருந்தது. ஜனெல் அதை எடுத்து விரலால் தட்டினாள். "வாடி செல்லம். என் பட்டன் இல்ல, வாடி."

குரல் அப்படியே மேவிஸ். காது இரண்டையும் ஆட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்த பட்டன், அவள் கையை ஒருதரம் நக்கிவிட்டுச் சோளத்துக்குள் நுழைந்தது. இத்தனை நாள் பட்டினிக்கும் சேர்த்து வாரி வாரித் தின்றது.

கெல்வின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். மனைவியை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட அழாத மனிதர் கண்ணைத் துடைப்பதை ஜனெல் பார்த்தாள்.

சாலையில் போய்க்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணை ரெக்ஸ் வண்டியை நிறுத்தி இறங்கினார். சோளத்தையும் பட்டனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் கெல்வின், உனக்கு வேற மாடே கிடைக்கலையா?"

"மத்ததெல்லாம் சினைடா."

"இருந்தாலும் மேவிஸோட மாடாச்சே."

பிடித்தால் ஒரு மணி நேரம் வாயளக்கிற ரெக்ஸ், அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு பேசாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"நீங்க இவளுக்கு மட்டும் செல்லம் குடுக்கறது அவருக்குப் பொறுக்கல" என்று ஜனெல் சிரித்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பிடிக்கிறாள். "உங்களைத் தப்பா நெனச்சுட்டேம்பா. அம்மா மட்டும் இதைப் பாத்திருந்தா..."

"அவ பாக்காததே நல்லது."

அம்மா பேச்சை எடுத்தாலே அவருக்குத் தாங்காது.

வேலியோரம் மற்ற மாடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு கத்தின. ஒரு கிழட்டுப் பசு கம்பிக்கு நடுவில் தலையை விட்டு நாக்கை நீட்டியது. பார்க்கச் சகிக்காமல் ஜனெல் கதவுச் சங்கிலியில் கை வைத்தாள்.

"பாவம்பா. அதான் இவ்வளவு பச்சை இருக்கே, இதுங்களையும் விட்டுடலாமே."

கெல்வின் அவள் கையை இறுகப் பிடித்தார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மத்தியானம் வரைக்கும் பொறு."

"எதுக்குப்பா?"

தலை நிமிராமல் மேய்கிற பட்டனை அவர் பார்த்தபடியே இருந்தார். வாயைத் திறந்தபோது குரல் உடைந்து வந்தது.

"வாடித் துளிர்த்த சோளத்துல விஷம் ஏறியிருக்கா இல்லையான்னு யாராவது ஒருத்தி தின்னு காட்டணும்ல, கண்ணு."